எந்த வழக்குக்கு எந்த வாசல்?



மாட்டுத்தாவணியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலை ஒன்பதரை மணிக்கு வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கும் ஒருவர், கையில் மஞ்சள் பையும் மடித்த காகிதமுமாக நம் கடை வாசலில் நிற்பார். “அண்ணாச்சி, கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?” என்பார். “எந்தக் கோர்ட்?” என்று நாம் திருப்பிக் கேட்டால் விழிப்பார். கோர்ட் என்றால் ஒன்றுதானே என்பது அவர் நினைப்பு.

நம் மேலூர் ரோட்டில் இரண்டு இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊருக்குள் வரும் திசையில், கே.கே. நகர் பக்கம், மாவட்ட நீதிமன்ற வளாகம். எதிர்த் திசையில், ஒத்தக்கடைக்கு முன்னால் உலகனேரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24-ஆம் தேதி அது திறக்கப்பட்ட நாள் முதல் இந்தக் குழப்பமும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லரைக் கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஏறி “கோர்ட்” என்று மட்டும் சொன்னார். ஆட்டோக்காரர் ஹைகோர்ட்டில் இறக்கிவிட்டார். அங்கே விசாரித்து, திரும்பி, மாவட்ட நீதிமன்றம் வந்து சேருவதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்து, எக்ஸ்பார்ட்டி ஆக்கியாகிவிட்டது. அதை ரத்து செய்ய மனு, வக்கீலுக்குச் செலவு, இன்னும் இரண்டு அலைச்சல். அவர் மீது இருந்த தாவாவோ சொற்பத் தொகைக்கு.

ஆட்டோ தவறினால் ஒரு நாள் போகும். வழக்கையே தவறான இடத்தில் போட்டால் வருஷங்கள் போகும், சில சமயம் முதலே போகும். நாங்கள் வக்கீல் அல்ல, படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் மண்டி நடத்தி, கடன் கொடுத்து, சிலவற்றை வசூலித்து, சிலவற்றை இழந்து, நீதிமன்றப் படிகளையும் ஏறி இறங்கியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் தெரிந்ததையும், கேட்டுச் சரிபார்த்ததையும் உறுப்பினர்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் எங்கள் கதை

2013-ல் நாகர்கோவில் மளிகைக் கடை ஒன்றுக்குப் பருப்பு வகைகள் அனுப்பினோம். அதற்கு வந்த ரூ.1,84,000 செக் பணமில்லை என்று திரும்பியது. அப்போது 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, செக் வழக்கைப் பல இடங்களில் ஏதாவது ஒன்றில் போடலாம் என்ற நிலை. மதுரையிலேயே போட்டோம். வழக்கு மெதுவாக நகர்ந்தது. சாட்சி விசாரணை ஆரம்பிக்கவில்லை.

2014 ஆகஸ்ட் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் வேறு தீர்ப்புச் சொன்னது. செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்கு. சாட்சி விசாரணை தொடங்காத வழக்குகளைத் திருப்பிக் கொடுத்து, முப்பது நாளுக்குள் சரியான ஊரில் போடச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் பிராது கட்டோடு திரும்பி வந்தது. நாகர்கோவிலில் போட்டோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் இரவே பஸ். நான்கு வாய்தா போனோம். கடையில் ஆள் இல்லை, அங்கே வக்கீலுக்கும் புதிதாக ஃபீஸ். 2015 பிப்ரவரியில் பாதிப் பணத்துக்கு ராஜியாகி எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அதே வருஷம் ஜூன் 15-ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் அதுவே 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமானது. செக்கைக் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பியவரின், அதாவது பணம் வரவேண்டியவரின், வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்கு என்று மாற்றிவிட்டார்கள். நிலுவையில் இருந்த வழக்குகளும் அதன்படியே மாறின. இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் எங்கள் வழக்கு மதுரைக்கே திரும்பியிருக்கும். தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய் போனது போனதுதான். நாங்கள் தவறு செய்யாமலே இடம் மாறியதால் வந்த நஷ்டம் இது. இடம் தெரியாமல் நாமே தவறு செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு கேள்விகள்

எந்தக் காகிதம் வந்தாலும், எந்தத் தாவா எழுந்தாலும், வக்கீலைப் பார்க்கும் முன்பே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. விஷயம் என்ன வகை? அது எந்த ஊரில் நடந்தது? தொகை எவ்வளவு? நாள் எவ்வளவு ஆகிவிட்டது? முதல் கேள்வி எந்த வாசல் என்று சொல்லும். இரண்டாவது எந்த ஊர் என்று சொல்லும். மூன்றாவது எந்த மாடி என்று சொல்லும். நான்காவது, வாசல் இன்னும் திறந்திருக்கிறதா என்று சொல்லும்.

செக் திரும்பினால்

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138. 1989 ஏப்ரல் 1 முதல் இது குற்ற வழக்கு. போக வேண்டியது சிவில் கோர்ட் அல்ல, குற்றவியல் நடுவர் நீதிமன்றம்; நம் பேச்சில் ஜே.எம். கோர்ட். நகரத்தில் ஜே.எம். கோர்ட்டுகள் பல உண்டு. போலீஸ் ஸ்டேஷன் எல்லையை வைத்துப் பிரித்திருப்பார்கள். ஆகவே நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்த்து அதற்குரிய நீதிமன்றத்தில் போட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். செக்கை எந்தக் கிளையில் போட்டோம் என்பது கணக்கில்லை. கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நம் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்த ஊர் மேலூர். கணக்கும் மேலூர்க் கிளையில். கடை மட்டும் மாட்டுத்தாவணியில். வசதிக்காக மதுரைக் கிளையில் செக்கைப் போட்டார். திரும்பியதும் மதுரையில் வழக்குப் போடப் போனார். அவருக்குரியது மேலூர் நீதிமன்றம் என்று வக்கீல் கண்டுபிடித்ததால் தப்பினார். கடையை இடம் மாற்றி, கணக்கைப் பழைய கிளையிலேயே விட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் செக்கை நம் கணக்கில் போடாமல், கொடுத்தவரின் வங்கியிலேயே நேராக நீட்டிப் பணம் கேட்டால், அந்த வங்கிக் கிளை இருக்கும் ஊர்தான்.

நாள் கணக்கு மிகவும் முக்கியம். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியதாக வங்கித் தகவல் கிடைத்ததிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்து மூலமான நோட்டீஸ். எதிரி நோட்டீஸ் பெற்றதிலிருந்து பதினைந்து நாள் பணம் கட்ட அவகாசம். அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. பலர் “அடுத்த வாரம் தர்றேன் அண்ணாச்சி” என்ற வார்த்தையை நம்பி அந்த முப்பது நாளைக் கோட்டை விடுகிறார்கள். செக்கின் மூன்று மாதம் மிச்சம் இருந்தால் திரும்பவும் போட்டுப் பார்த்து, அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். அதுவும் முடிந்துவிட்டால் சிவில் வழக்குதான் பாக்கி.

வழக்கு நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். 2018 திருத்தப்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் இருபது சதவீதம் வரை இடைக்கால நஷ்ட ஈடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கடன் பாக்கி வழக்கு

செக் இல்லை, பில்லும் பேரேடும்தான் இருக்கின்றன என்றால் சிவில் கோர்ட். மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று மூன்று படி. தொகைக்குத் தக்கபடி, அதிகாரம் உள்ளவற்றில் கீழ்ப் படியில்தான் போட வேண்டும். தொகை வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும். பழைய வழக்கின் நினைவில் போகாமல், வழக்குப் போடும் அன்றைக்குள்ள வரம்பைப் பார்க்க வேண்டும்.

மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள, வணிகர்களுக்கிடையேயான சரக்குக் கொடுக்கல் வாங்கல் தாவா என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் 2015 குறுக்கே வரும். அவசரத் தடை உத்தரவு கேட்கும் வழக்கு தவிர மற்றவற்றில், முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்தாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்தப் படியை விட்டுவிட்டு நேராக வழக்குப் போட்டால் தள்ளுபடிதான். சமரசத்தில் செலவாகும் நாட்கள் காலவரம்பில் சேராது என்பதால் பயப்பட வேண்டாம்.

இனி, எந்த ஊர்? எதிரி குடியிருக்கும் ஊர், தொழில் செய்யும் ஊர், அல்லது வியாபாரத்தின் ஒரு பகுதியாவது நடந்த ஊர். மதுரையில் ஆர்டர் ஏற்று, மதுரையில் லாரி செட்டில் சரக்கைப் புக் செய்து, பணம் மதுரையில் தர வேண்டும் என்று பேசியிருந்தால் மதுரையில் போட வழி உண்டு. அதை நிரூபிக்க லாரி ரசீதும், ஆர்டர் வந்த தகவலும், இ-வே பில்லும் வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் ரசீதைக் கிழித்துப் போடும் வழக்கத்தை விட வேண்டும்.

நம்மில் பலர் பில்லின் அடியில் “மதுரை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று அச்சடிக்கிறோம். அச்சகத்தார் போட்டுக் கொடுத்தது. நாம் படித்ததுகூட இல்லை. அந்த வரிக்கு என்ன பலம்? இரண்டு மூன்று ஊர்களுக்கு அதிகாரம் இருக்கும்போது, அவற்றுள் ஒன்றில் மட்டும் வழக்கு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் செல்லும். எந்தச் சம்பந்தமும் இல்லாத ஊருக்கு நாமாக அதிகாரம் கொடுக்க முடியாது. 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் இது. ஆகவே மதுரையில் எதுவும் நடக்காமல், தூத்துக்குடிக் கிட்டங்கியிலிருந்து திருநெல்வேலிக்குச் சரக்குப் போயிருந்தால், கடனாளி திருநெல்வேலியில் இருந்தால், மதுரை பில் புத்தகம் மட்டும் காப்பாற்றாது. இன்னொன்று, நாம் மட்டும் அச்சடித்த வரியை எதிரி “நான் ஒத்துக்கொள்ளவே இல்லை” என்பார். புதிதாகக் கடன் கணக்கு ஆரம்பிக்கும்போதே ஒரு காகிதத்தில் அந்த வரியோடு கையெழுத்து வாங்கி வைப்பதுதான் நல்லது.

காலவரம்பு மூன்று வருஷம். தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த தேதியிலிருந்து. தவணை பேசியிருந்தால், தவணை முடிந்த தேதியிலிருந்து. ஆனால் மூன்று வருஷம் முடியுமுன் எதிரி “இவ்வளவு பாக்கி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம். ஆண்டுதோறும் புதுக்கணக்குப் போடும்போது, பேரேட்டில் பாக்கியை முன்கொண்டு வருவதோடு நிறுத்தாமல், கடன்காரரிடம் பாக்கி உறுதிக் கடிதத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். நம் பேரேட்டில் நாமே எழுதிக்கொள்வது காலத்தை நீட்டாது.

தவறான கோர்ட்டில் போட்டுவிட்டால்? சிவில் கோர்ட் பிராதைத் திருப்பிக் கொடுக்கும். சரியான இடத்தில் மறுபடி போடலாம். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியிருந்தால் அங்கே கழிந்த காலத்தைக் காலவரம்பில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் “நல்லெண்ணம், கவனம்” என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவசரத்தில் ஏதோ ஒரு கோர்ட்டில் போட்டுவிட்டு இந்தச் சலுகையை நம்பக் கூடாது.

கூட்டு வியாபாரம் செய்பவர்களுக்கு ஒன்று. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் வெளியாள் மீது ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 69. பதிவுக்குப் போக வேண்டிய இடம் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். கடன் மாட்டிக்கொண்ட பிறகு ஓடுவதைவிட இப்போதே முடித்து வைப்பது நல்லது.

போலீஸும் மற்ற இடங்களும்

“ஸ்டேஷனில் ஒரு மனுக் கொடு, பணம் தானாக வரும்” என்று யோசனை சொல்பவர்கள் எப்போதும் உண்டு. வெறும் கடன் பாக்கியை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை இல்லை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்ப் பெயர், பொய் முகவரி கொடுத்துச் சரக்கை எடுத்தான் என்றால் அது வேறு. அது மோசடி, ஸ்டேஷன்தான் வாசல். நல்ல முறையில் வியாபாரம் செய்து நொடித்துப்போனவர் மீது மோசடிப் புகார் கொடுத்தால், மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் “சிவில் விஷயம்” என்று முடித்து அனுப்புவார்கள். அதற்குள் செக் நோட்டீஸ் காலமும் போயிருக்கும்.

குறு, சிறு தொழில்களுக்குத் தாமதப் பணம் வசூலிக்கும் மன்றம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். 2021 ஜூலையில் சில்லரை, மொத்த வியாபாரிகளையும் அந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். உற்பத்தி செய்பவருக்கும் சேவைத் தொழில் செய்பவருக்கும் உள்ள தாமதப் பண வசூல் உரிமை, வாங்கி விற்கும் நமக்கு இல்லை.

கடை வாடகைத் தாவா: கடை யாருடையது?

வாடகைத் தகராறில் முதல் கேள்வி கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பதே.

தனியார் கட்டடம் என்றால், 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இவர் நீதிபதி அல்ல, துணை ஆட்சியர் தரத்து வருவாய் அதிகாரி. கட்டட உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தாலும், கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினாலும் இவரிடம்தான் மனு. காலி செய்யச் சொல்லும் வழக்கு வாடகை நீதிமன்றத்துக்கு. அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம். பழைய நினைவில் சாதாரண சிவில் வழக்குப் போட்டுத் தடை வாங்கலாம் என்று போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள்.

கோயில் கடை என்றால் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம். வாடகை நிர்ணயம் பிரிவு 34-அ படி குழு செய்யும். அதன் மேல் முறையீடு ஆணையரிடம். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் அது பிரிவு 78 படி இணை ஆணையர் முன் விசாரணை. நோட்டீஸில் கண்ட தேதிக்கு அங்கேதான் போய்ப் பதில் கொடுக்க வேண்டும். “கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்று அந்த விசாரணைக்குப் போகாமல் இருந்தால், பிறகு கோர்ட் கேட்கும் முதல் கேள்வி “அங்கே ஏன் போகவில்லை?” என்பதாக இருக்கும்.

மாநகராட்சிக் கடை என்றால் தாவா மாநகராட்சியோடு. மனு ஆணையருக்கு. அவர் உத்தரவு சட்டத்துக்கு மாறானது என்றால், அப்போதுதான் பெரும்பாலும் உலகனேரிக் கட்டடம்.

உயர் நீதிமன்றக் கிளை எதற்கு?

அரசு, மாநகராட்சி, அரசு அலுவலர் ஆகியோரின் உத்தரவை எதிர்த்து ரிட் மனு, கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் மேல் சட்டப்படி வரும் மேல்முறையீடு, சீராய்வு, போலீஸ் போட்ட வழக்கை ரத்து செய்யும் மனு, முன்ஜாமீன். நமக்கு அங்கே வரக்கூடிய வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். செக் வழக்கோ கடன் வழக்கோ அங்கே ஆரம்பிக்க முடியாது.

ஜி.எஸ்.டி. உத்தரவு வந்ததும் நேராக ரிட் போட ஓடுகிறவர்கள் உண்டு. சட்டத்தில் மேல்முறையீட்டு வழி இருந்தால் அதை முடித்து வரச் சொல்வதே நீதிமன்ற வழக்கம். உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள், தாவாவில் உள்ள வரியில் பத்து சதவீதம் கட்டி, மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மேலும் ஒரு மாதம் கேட்கலாம். அதற்குப் பிறகு அந்த வாசல் மூடிவிடும்.

நம் கடைக்கு வரும் நோட்டீஸ்கள்

மளிகைக் கடைக்காரருக்கு வழக்கு போடுவதைவிட வழக்கு வருவதுதான் அதிகம். வந்த காகிதத்தின் தலைப்பை முதலில் படிக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுத்துப் பரிசோதித்து, தரம் குறைவு, லேபிள் தவறு என்று வந்தால், விசாரணை நீதிமன்றத்தில் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு. தரக்குறைவுக்கு ஐந்து லட்சம் வரை, தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் வரை தண்டத் தொகை உண்டு. உண்பதற்குப் பாதுகாப்பற்றது என்று முடிவு வந்தால் அது குற்ற வழக்கு, நீதிமன்றம். ஆய்வு அறிக்கை கிடைத்ததிலிருந்து முப்பது நாளுக்குள் அதன் மேல் முறையீடு செய்யலாம். பாக்கெட்டில் வந்த சரக்கை அப்படியே விற்றோம் என்று சொல்ல, யாரிடம் வாங்கினோம் என்ற பில் வேண்டும். பில் இல்லாமல் ஐம்பது ரூபாய் மலிவாக வாங்கிய சரக்குக்கு லட்சக்கணக்கில் பதில் சொல்ல நேரிடும்.

எடைக் கருவி முத்திரை, பாக்கெட் விலை அச்சு சம்பந்தமான நோட்டீஸ் தொழிலாளர் துறையிலிருந்து வரும். முதலில் அந்த அலுவலகத்திலேயே இணக்கக் கட்டணம் கட்டி முடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோட்டீஸை மேஜை டிராயரில் போட்டுவிட்டால் அடுத்தது ஜே.எம். கோர்ட் சம்மன்.

வாடிக்கையாளர் புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, அவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்; நம் கடை மதுரையில் இருந்தாலும் வழக்கு அவர் ஊரில் வரும். பதில் கொடுக்க முப்பது நாள். மேலும் பதினைந்து நாள் மட்டுமே நீட்டிப்பு. அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நாமும் நுகர்வோர்தானே என்று, விற்பதற்கு வாங்கிய சரக்குக்காக அங்கே போக முடியாது.

அப்பா இறந்த பிறகு பேரேடு

இது பல குடும்பங்களில் நடப்பது. கடை அப்பா பெயரில். அவர் காலமானதும் மகன் கணக்கைத் திறந்து பார்த்தால் ஊரெல்லாம் பாக்கி. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, அதை வைத்துக் கடன்காரர்கள் மீது வழக்குப் போடுகிறார். வாரிசுகள் யார் என்று மட்டுமே அது சொல்லும். இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு டிகிரி கொடுக்க, சிவில் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழை நீதிமன்றம் கேட்கும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 214. அப்பா கடைசியாகக் குடியிருந்த ஊரின் நீதிமன்ற எல்லையில் மனுப் போட வேண்டும். பாக்கிப் பட்டியலை முழுமையாகச் சேர்க்க வேண்டும். இந்தச் சான்று வரும் வரை மூன்று வருஷக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் “பணம் எங்கே போகுது, மெதுவாப் பார்த்துக்கலாம்” என்று சொன்னாலும், கருமாதி முடிந்ததும் பேரேட்டைத் திறப்பதில் தவறில்லை.

வளாகத்துக்குள் போனால்

மாவட்ட நீதிமன்றத்தில் நுழைந்ததும் எந்த அறை என்று தவிப்பவர்கள் அதிகம். பிராதையும் மனுவையும் சரிபார்ப்பவர் சிரஸ்தார். சம்மன் சார்வு, அமீனா, பணம் கட்டுவது ஆகியவை நாசர் பிரிவு. தீர்ப்பு நகல் வேண்டுமென்றால் நகல் பிரிவு. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்க, அந்தந்தக் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்துகளும் எண்களும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், நம் கைப்பேசியிலேயே இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியும் எந்த நீதிமன்றம் என்பதும் தெரியும். உசிலம்பட்டிக்காரருக்கு இது தெரிந்திருந்தால் ஆட்டோ எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

நாம் அதிகம் பயன்படுத்தாத வாசல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்து, எதிரியை அழைத்துப் பேசி, லோக் அதாலத்தில் முடிக்கலாம். அங்கே ஆகும் ராஜி, நீதிமன்ற டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நடக்கிற வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். சொந்த ஊர்க்காரர், பழைய வாடிக்கையாளர், கஷ்டத்தில் இருக்கிறவர் என்றால் முதலில் இந்த வாசலைத் தட்டுவதுதான் மரியாதையும் லாபமும். ஆனால் ஒன்று. செக் நோட்டீஸுக்கான முப்பது நாள் அங்கே பேசுவதால் நிற்காது. நோட்டீஸை அனுப்பிவிட்டுப் பேசப் போக வேண்டும்.

முடிவாக

“கடன் அன்பை முறிக்கும்” என்று பலகை மாட்டிவிட்டுக் கடன் கொடுப்பவர்கள் நாம். கடன் இல்லாமல் நம் தொழில் இல்லை. ஆகவே கடன் கொடுக்கும் அன்றே நான்கு காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்: வாங்குபவரின் கடை முகவரியும் வீட்டு முகவரியும், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல், லாரி ரசீதோடு பில், வருஷத்துக்கு ஒரு முறை பாக்கி உறுதி. இந்த நான்கும் இருந்தால் எந்த வக்கீலும் அரைமணி நேரத்தில் சரியான வாசலைச் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் எந்த வாசலில் நின்றும் பயனில்லை.

உறுப்பினர்கள் தங்கள் பில் புத்தகத்தின் அடிவரியை இன்று இரவு கடை அடைக்கும் முன் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பஸ்ஸில் இரவு முழுக்க விழித்துக்கொண்டு போன நான்கு பயணங்கள் எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தன. உங்களுக்கு அந்தப் பயணம் வேண்டாம்.